குப்பைத் தொட்டியாகிவிட்ட ஒரு பெயர்: பிறெபெ புபெலின் வாழ்வு

பரிஸ் மாநகரில் ஒரு மாதமேனும் வாழ்ந்த தமிழர் எவரும் புபெல் என்ற சொல்லை அறியாதிருக்க முடியாது. பிரெஞ்சு மொழி வகுப்பில் நாம் சென்று அமருமுன்பே அச்சொல் நம் வீடுகளுக்குள் வந்துவிடுகின்றது. புபெலிற் போடு, புபெலை வெளியே வை என்று தாய்மார் பிள்ளைகளை ஏவுகின்றனர். உணவகங்களின் பின்கட்டில் நள்ளிரவு வரை கோப்பை கழுவும் எம்மவருக்கு அன்றைய வேலையின் கடைசிச் சொல்லும் அதுவே. ஆயின், அது ஒரு மனிதரின் குடும்பப் பெயர் என்பதையும், அம்மனிதர் பல்கலைக்கழகத்திற் சட்டம் கற்பித்தவர் என்பதையும் நம்முட் பலர் அறியார்.

அவரை இங்கு நினைவுகூர்வதற்கு ஒரு காரணம் உண்டு. வீதியோரம் வைத்த ஒரு பைக்காகவோ, மாடிப்படியிலிருந்து இறக்கிப் போட்ட ஒரு பழைய மெத்தைக்காகவோ தபாலில் வந்த அபராதத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, இதனால் என் அகதி வழக்குக் கெட்டுவிடுமா என்று கேட்போரை நாம் அடிக்கடி சந்திக்கின்றோம். அத்தாளிற் கையொப்பமிடும் அதிகாரம் ஒரு நகர உத்தியோகத்தருக்கு எங்கிருந்து வந்தது? அது எதுவரை செல்லும்? எங்கே நின்றுவிடும்? இவற்றுக்கு விடை தேடிச் சென்றால் நாம் வந்து சேரும் முதல் வாசல்களுள் ஒன்று புபெல் அவர்களின் அலுவலகமே.

விரிவுரை மண்டபத்திலிருந்து ஆட்சி மண்டபத்துக்கு

எஜென் ரெனே புபெல் 1831ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் திகதி, நோர்மண்டிப் பகுதியிலுள்ள கான் நகரிற் பிறந்தார். சட்டம் பயின்று கலாநிதிப் பட்டம் பெற்றார். பின்னர் கான், கிறெனோபிள், துலூஸ் ஆகிய நகரங்களின் சட்ட பீடங்களிற் கற்பித்தார். நாற்பது வயதை எட்டும்வரை அவரது உலகம் நூலகமும் விரிவுரை மண்டபமுமாகவே இருந்தது. சட்டத்தைப் பிறருக்கு விளக்குவது வேறு. சட்டத்தைக் கொண்டு ஒரு நகரை நடத்துவது வேறு. முதலாவதில் ஊறியவர் இரண்டாவதில் இறங்கும்போது படும் சங்கடத்தை, ஒரு காலத்தில் மாணவர் முன் நின்று பழகிய நாமும் ஓரளவு ஊகிக்க முடியும்.

1870இற் பிரஷ்யாவுடன் நடந்த போரில் பிரான்ஸ் தோற்றது. மூன்றாம் நெப்போலியனின் பேரரசு வீழ்ந்தது. குடியரசு மீண்டும் பிரகடனம் செய்யப்பட்டது. புதிய ஆட்சிக்கு மாவட்டங்கள்தோறும் நம்பத்தக்க நிருவாகிகள் தேவைப்பட்டனர். அவ்வாறு அழைக்கப்பட்டவர்களுள் ஒருவராகப் புபெல் 1871இற் சராந்த் மாவட்டத்தின் பிறெபெயாக நியமனம் பெற்றார்.

பிறெபெ என்றால் யார் என்பதை நம்மவருக்கு விளக்குவது எளிது. யாழ்ப்பாணத்துக் கச்சேரியில் அரசாங்க அதிபர் வகித்த இடத்தை ஒத்த இடம் அது. மக்கள் தெரிவு செய்தவரல்லர். தலைநகர் அனுப்பி வைத்தவர். 1800ஆம் ஆண்டு நெப்போலியன் பொனபார்ட் ஏற்படுத்திய பதவி இது. இன்று வதிவிட அட்டையைப் புதுப்பிக்க நாம் வரிசையில் நிற்கும் பிறெபெக்சூர் என்னும் அலுவலகம் இப்பதவியின் பெயரையே தாங்கி நிற்கின்றது.

சராந்த் மாவட்டத்தின் பின் இசேர், கோர்சிகா, டூ ஆகிய மாவட்டங்களிலும், பின்னர் மர்செய் நகரைத் தலைநகராகக் கொண்ட பூஷ் து ரோன் மாவட்டத்திலும் அவர் பிறெபெயாக இருந்தார். துறைமுக நகராகிய மர்செய், தொற்றுநோய்கள் கப்பலேறி வந்திறங்கிய இடம். ஊர்ச் சுத்தம் என்பது அழகு பற்றிய பேச்சன்று, உயிர் பற்றிய பேச்சு என்பதை அறிந்துகொள்ள அதனினும் பொருத்தமான பாடசாலை பிரான்சில் இருந்திராது.

மேயர் இல்லாத மாநகர்

1883ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்திற் புபெல் சேன் மாவட்டத்தின் பிறெபெயானார். சேன் மாவட்டம் என்பது பரிஸ் மாநகரையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் உள்ளடக்கியது. அப்பதவியின் தனித்தன்மை யாதெனில், அன்று பரிசுக்கு மேயர் இல்லை. 1871ஆம் ஆண்டின் கொம்யூன் எழுச்சியைக் கண்டு அஞ்சிய ஆட்சியாளர், தலைநகரை ஒரு தெரிவு செய்யப்பட்ட மேயரின் கையில் விட விரும்பவில்லை. 1977 வரை அந்நிலை நீடித்தது. ஆகவே மற்றைய ஊர்களில் மேயர் ஆற்றும் பணிகளைப் பரிசில் இரு பிறெபெக்கள் பகிர்ந்து செய்தனர். ஒருவர் பொலிஸ் பிறெபெ. மற்றையவர் சேன் பிறெபெ.

குப்பை யாருடைய பொறுப்பு என்பதும் இப்பங்கீட்டுள் அடங்கியிருந்தது. நெடுங்காலம் அது பொலிஸ் பிறெபெயின் கையில் இருந்தது. 1859 ஒக்டோபர் 10ஆம் திகதிய ஆணையொன்று வீதி கூட்டல், குப்பை அகற்றல், தெருவிளக்கு முதலியவற்றைச் சேன் பிறெபெயிடம் மாற்றியது. 1873 மார்ச் மாதச் சட்டமொன்று, தத்தம் வீட்டு முன்றிலைக் கூட்டவேண்டிய உரிமையாளரின் கடமையை ஒரு வரியாக மாற்றி, கூட்டும் வேலையை நகரிடம் ஒப்படைத்தது. இந்த இரு படிகளும் இல்லையெனிற் புபெலின் ஆணைக்கு நிற்க நிலமே இருந்திராது. சட்டம் கற்பித்தவராகிய அவர் இதனை நன்கு அறிந்திருப்பார் என நாம் கொள்ளலாம். அதிகாரி தன் விருப்பத்தால் ஆணையிடுவதில்லை. எழுதப்பட்ட ஒரு சட்டம் எந்த விடயத்தை அவர் கையில் வைத்ததோ, அந்த விடயத்தில் மட்டுமே ஆணையிடுகின்றார்.

மன்னராலும் ஆகாத காரியம்

பரிசின் அழுக்கை அகற்றப் புபெலுக்கு முன்னர் எவரும் முயலவில்லை என எண்ணுதல் தவறு. பிலிப் ஓகுஸ்த் மன்னர் பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் முக்கிய வீதிகளுக்குக் கல் பதிக்கச் செய்தார். முதலாம் பிரான்சுவா மன்னர் 1539 நவம்பரிற் பிறப்பித்த கட்டளை, குப்பையையும் அழுக்கு நீரையும் வீதியிற் கொட்டுவதைத் தடைசெய்தது. இவ்வாறு நூற்றாண்டுதோறும் கட்டளைகள் பிறந்தன. நூற்றாண்டுதோறும் குப்பையும் குவிந்தது. 1880களில் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் பரிசில் வாழ்ந்தனர். அவர்களின் வீட்டுக் கழிவு வீதியோரத்திற் குவிக்கப்பட்டு, குதிரை வண்டி வரும்வரை கிடந்தது. நாயும் எலியும் மழையும் அதனைக் கிளறின.

அக்கட்டளைகள் ஏன் தோற்றன? மன்னரின் தண்டனை போதாமையால் அன்று. வீதியிற் கிடக்கும் குவியலுக்குப் பெயரில்லை என்பதே காரணம். பத்து வீட்டார் கொட்டிய குவியலுக்கு எவர் பொறுப்பு? எல்லோருக்கும் இட்ட ஆணை எவருக்கும் இட்டதாகாமற் போயிற்று. காவலன் எவர் கதவைத் தட்டுவது என்று அறியாமல் நின்றான். தட்டியபோதும், தட்டப்பட்டது பெரும்பாலும் எளியவரின் கதவாகவே இருந்திருக்கும்.

மூன்று பெட்டிகள்

பதவியேற்றுச் சில வாரங்களுள், 1883 நவம்பர் 24ஆம் திகதி, புபெல் தமது ஆணையிற் கையொப்பமிட்டார். 1884 ஜனவரி 15ஆம் திகதி முதல் அது நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு மார்ச் 7ஆம் திகதி திருத்திய வடிவில் மீண்டும் வெளியாயிற்று.

ஆணையின் சாரம் இதுவே. ஒவ்வொரு கட்டடத்தின் உரிமையாளரும் தம் குடியிருப்பாளரின் பயன்பாட்டுக்கு மூடியுள்ள கொள்கலங்களை வைத்தல் வேண்டும். அவை 40 முதல் 120 லீற்றர் வரை கொள்ளத்தக்கன. குப்பையை மூவகையாகப் பிரித்தல் வேண்டும்: அழுகும் சமையற் கழிவு ஒன்று, கடதாசியும் கந்தைத் துணியும் ஒன்று, கண்ணாடி, பீங்கான் ஓடு, சிப்பி ஓடு ஆகியன மற்றொன்று. வீதியின் பெயரும் வீட்டு இலக்கமும் கொள்கலத்தின் மேல் தெளிவாக எழுதப்படல் வேண்டும். வண்டி வருவதற்குச் சற்று முன் வீட்டுக் காவலாளி அதனை வெளியே வைத்து, வெறுமையானதும் உள்ளே எடுத்துவிடுதல் வேண்டும்.

இவற்றுள் முதன்மையானது எது என்று எம்மைக் கேட்டால், மூடியும் அல்ல, மூவகைப் பிரிப்பும் அல்ல, அந்த வீட்டு இலக்கமே என்போம். அதுவரை பெயரற்றுக் கிடந்த குப்பைக்கு முதன்முறையாக ஒரு முகவரி கிடைத்தது. அம்முகவரியிற் பொறுப்பாளராகப் புபெல் நிறுத்தியதும் ஆறாம் மாடியின் கூரையறையில் ஒதுங்கியிருந்த வேலைக்காரியை அன்று, கட்டடத்தின் சொந்தக்காரரை. வாடகை பெறுபவரே பெட்டியும் வாங்க வேண்டும். சுமக்கத்தக்கவர் தோளிற் சுமையை வைத்தமையே அவ்வாணையின் நுட்பம்.

ஆணையை மீறினால் என்ன நேரும்? அக்காலத்திய தண்டனைச் சட்டக்கோவை 1810ஆம் ஆண்டுக்குரியது. அதன் 471ஆம் பிரிவின் 15ஆம் கூறு, நிருவாக அதிகாரி சட்டப்படி பிறப்பித்த ஒழுங்கு விதிகளை மீறுவோர்க்கு 1 முதல் 5 பிராங் வரை அபராதம் விதித்தது. தொகை சிறிது. ஆயின் அக்கூற்றின் உள்ளே, சட்டப்படி என்னும் ஒரு சொல் இருந்தது. காவலர் குற்றப் பதிவு எழுதலாம். அபராதம் விதிப்பது நீதவான். அந்த நீதவான், இவ்விதி சட்டப்படி பிறந்ததா என்றும் பார்க்கலாம். இல்லையெனில் தண்டியாது விடலாம். பதவியினாற் பெரியவராகிய பிறெபெயின் கட்டளையை, பதவியினாற் சிறியவராகிய ஒரு நீதவான் அளந்து பார்க்கும் இவ்வேற்பாட்டை நம் வாசகர்கள் மனத்திற் குறித்துக்கொள்ளல் நன்று. பிற்பகுதியில் அது நமக்கு வேண்டும்.

எதிர்ப்பும் திருத்தமும்

ஆணை வெளியானதும் நகரம் கொதித்தது. உரிமையாளர் செலவைக் கண்டு முணுமுணுத்தனர். வீட்டுக் காவலாளிகள் விடியுமுன் எழவேண்டியதை எண்ணிச் சினந்தனர். ஆயினும் உண்மையில் வயிற்றில் அடிபட்டோர் இவ்விரு சாராரும் அல்லர், கந்தை பொறுக்குவோரே.

முதுகிற் பிரம்புக் கூடை, ஒரு கையில் விளக்கு, மறுகையிற் கொளுக்கி எனப் பரிசின் இரவுகளில் அலைந்த ஏழைகள் பல்லாயிரவர். கந்தைத் துணியைக் கடதாசி ஆலைக்கும், எலும்பைப் பசை காய்ச்சுவோருக்கும், உலோகத்தை உருக்குவோருக்கும் விற்று அவர்கள் வாழ்ந்தனர். மரக்கூழிலிருந்து கடதாசி செய்யும் முறை பரவியதாற் கந்தையின் விலை ஏற்கெனவே சரிந்திருந்தது. இப்போது குப்பையும் மூடியிட்ட பெட்டிக்குள் அடைபட்டு, வண்டி வரும் சிறு பொழுதில் மட்டும் வெளியே தலைகாட்டியது. நகரின் நலத்துக்காக எழுதப்பட்ட ஒரு வரி, அவர்களின் அடுப்பை அணைத்துவிடும் நிலை தோன்றியது.

பத்திரிகைகள் அவர்கள் சார்பிற் குரல் எழுப்பின. அவற்றுட் சில, அக்கறையினும் பார்க்க எள்ளலையே மிகுதியாகக் கொண்டிருந்தன. லு பிகாரோ நாளிதழ் அப்பெட்டிகளைப் புபெல் பெட்டிகள் என அழைத்தது. கேலியாகப் பிறந்த பெயர் நிலைத்துவிட்டது. 1890இல் வெளிவந்த பெரும் அகராதியொன்றின் பின்னிணைப்பில் அது பொதுச் சொல்லாக ஏறியது.

இவ்விடத்திற் புபெல் செய்தது நம் கவனத்துக்குரியது. அவர் ஆணையை மீளப் பெறவில்லை. எதிர்த்தோரை ஒடுக்கவும் முனையவில்லை. ஆணையைத் திருத்தினார். மார்ச் மாத வடிவில், கந்தை பொறுக்குவோர் பெட்டியின் உள்ளடக்கத்தை ஒரு துணி விரித்து அதன்மேற் கொட்டித் தெரிந்தெடுக்கலாம் என்றும், எஞ்சியதை மீண்டும் பெட்டியில் இட்டுவிடவேண்டும் என்றும் இடமளிக்கப்பட்டது. வீதி அழுக்காகாது, வேண்டியதை எடுப்போரும் வெறுங்கையுடன் போகார். அதனால் அம்மக்களின் துயர் தீர்ந்துவிட்டது என நாம் சொல்லவில்லை. காலப்போக்கில் அத்தொழில் நகருக்குள்ளிருந்து மறைந்தது. அதற்கு முதற் காரணங்களுள் அந்தப் பெட்டியும் ஒன்று. அதிகாரத்தின் நன்மையைக் கணக்கிடுவோர், அது பறித்ததையும் அதே ஏட்டில் எழுதுதல் வேண்டும்.

கொலராவும் கழிவுநீரும்

1884ஆம் ஆண்டு கொலரா நோய் துலோன், மர்செய் ஆகிய துறைமுகங்களைத் தாக்கி, ஆண்டிறுதியிற் பரிசையும் எட்டியது. ஜெர்மானிய அறிஞர் ரொபேட் கொக் எகிப்திலும் கல்கத்தாவிலும் ஆராய்ந்து அந்நோயின் கிருமியை இனங்கண்டதும் அக்காலத்திலேயே. அழுக்கு நீரே எமனின் வாகனம் என்பது வரவரத் தெளிவாயிற்று. 1892இற் கொலரா மீண்டும் பரிசுக்கு வந்தது.

நகரின் அடியில் ஓடும் பெருங் கழிவுநீர்க் கால்வாய்களை முன்னரே பொறியியலாளர் பெல்கிறான்ட் அமைத்திருந்தார். ஆயினும் பல கட்டடங்களின் மலக்குழிகள் அவற்றோடு இணையாமலே கிடந்தன. இணைப்பை நேரடியாக ஆக்கவேண்டும் என்று புபெல் விடாது வலியுறுத்தினார். 1894 ஜூலை 10ஆம் திகதிய சட்டம் அதனைக் கட்டாயமாக்கியது. இங்கும் செலவு கட்டட உரிமையாளருடையதே. பெட்டியை ஆணையொன்றே கொண்டுவந்தது. ஒவ்வொரு வீட்டின் மலக்குழியையும் தொடுவதற்கு நாடாளுமன்றத்தின் சட்டம் வேண்டியிருந்தது. சொத்துரிமையிற் கைவைக்கும் அளவுக்கு ஓர் அதிகாரியின் கட்டளை தனியே செல்லாது என்பதை இது காட்டுகின்றது.

அவர் கையொப்பமிட்ட தாள்களுள் வேறொன்றும் உண்டு. 1887 ஜனவரி 8ஆம் திகதி ஈபில் கோபுரம் பற்றிய ஒப்பந்தத்தில் அமைச்சர் லொக்றோய், பொறியியலாளர் குஸ்தாவ் ஈபில் ஆகியோருடன் நகரின் சார்பிற் கையொப்பமிட்டவர் புபெலே. கோபுரம் ஈபிலின் பெயரை உலகெங்கும் எடுத்துச் சென்றது. புபெலின் பெயரைப் பெட்டி எடுத்துச் சென்றது.

1896இல் அவர் சேன் பிறெபெ பதவியை விட்டு, போப்பாண்டவர் அவையிற் பிரான்சின் தூதுவராகச் சென்றார். 1898இல் அப்பணியும் முடிந்தது. பின்னர் தென்பகுதியில், கர்க்கசோன் நகரைத் தலைநகராகக் கொண்ட ஓட் மாவட்டத்தின் பொதுச்சபைக்குத் தெரிவாகி, முந்திரிகைச் செய்கையாளரின் நலனுக்காக உழைத்தார். வாழ்நாளெல்லாம் நியமனத்தால் ஆட்சி செய்தவர், முதுமையில் வாக்காளர் முன் நின்றார். 1907 ஜூலையிற் பரிசிற் காலமானார். அப்பொழுது அவருக்கு வயது 76.

இன்றைய அதிகாரம்

புபெல் சட்டக் கோவைகளோடு போராடிய அதே 1884இல், ஏப்ரல் 5ஆம் திகதி, பிரான்சின் ஊராட்சிகள் பற்றிய பெருஞ்சட்டம் நிறைவேறியது. வீதிகளின் சுத்தத்தையும் பொதுச் சுகாதாரத்தையும் பேணும் பொலிஸ் அதிகாரத்தை அது மேயர்களுக்கு வழங்கியது. பரிஸ் மட்டும் அதற்கு விலக்காயிருந்தது. இன்று அவ்வதிகாரம் ஊராட்சிச் சட்டக்கோவையில் வாழ்கின்றது. பரிசுக்கும் மேயர் உண்டு. 2021 முதல் நகரப் பொலிசும் உண்டு.

கண்ட இடத்திற் குப்பை கொட்டுவோர்க்கு எதிராக இன்று இரு வழிகள் உள்ளன. முதலாவது தண்டனை வழி. வீதியிற் பையையோ பழம் பொருளையோ விட்டுச் செல்பவருக்கு நிலையான அபராதம் 135 யூரோ. நாற்பத்தைந்து நாட்களுள் அதனைக் கட்டலாம். அல்லது உரிய அரச தரப்பு அதிகாரிக்கு எழுத்து மூலம் ஆட்சேபிக்கலாம். இரண்டும் செய்யாதிருந்தால் தொகை 375 யூரோவாகும். வாகனத்தில் ஏற்றிச் சென்று கொட்டினாற் குற்றம் ஒரு படி மேலேறுகின்றது: 1500 யூரோ வரை அபராதம், வாகனமும் பறிமுதலாகலாம். வாடகை வாகனத்திற் கட்டட இடிபாட்டை ஏற்றிவிடும் எம் இளைஞர்கள் இதனை மறத்தலாகாது. கொட்டச் சொன்ன முதலாளி அவ்வேளையில் அருகில் நிற்பதில்லை.

இரண்டாவது நிருவாக வழி. இது மேயரின் கையில் உள்ளது. சுற்றாடற் சட்டக்கோவையின்படி, கழிவை உண்டாக்கியவருக்கோ வைத்திருப்பவருக்கோ அவர் முதலில் அறிவித்தல் அனுப்ப வேண்டும். பெற்றவர் பத்து நாட்களுள் வாய்மொழியாகவோ எழுத்திலோ தம் விளக்கத்தைக் கொடுக்கலாம்; சட்டத்தரணியின் உதவியுடனும் கொடுக்கலாம். அதன் பின்னரே அகற்றுமாறு கட்டளையிடலாம். 2020 பெப்ரவரியில் இயற்றப்பட்ட சட்டத்தின் பின், அக்கட்டத்திலேயே 15,000 யூரோ வரை அபராதமும் விதிக்கலாம். கட்டளையை மதியாதவரின் செலவில் நகரமே அகற்றவும் முடியும். அதிகாரம் பெரிது. ஆயின் அதன் வாசலிற் கேட்கப்படும் உரிமை என்னும் படி உண்டு. அப்படியைத் தாண்டிக் குதித்த முடிவை நிருவாக நீதிமன்றிற் கேள்விக்குட்படுத்தலாம்.

வீதியில் நம்மை நிறுத்தும் உத்தியோகத்தர்களும் ஒரே தரத்தினர் அல்லர். சத்தியப்பிரமாணம் செய்த நகர உத்தியோகத்தர் பலர் குப்பைக் குற்றத்தைப் பதிவு செய்யலாம். நகரப் பொலிசார் அப்பதிவுக்காக அடையாளத்தைக் கேட்டு எழுதலாம். நாம் மறுத்தாலோ காட்ட இயலாதிருந்தாலோ, அவர்கள் உடனே நீதித்துறைப் பொலிஸ் அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். அவர் விடை வரும்வரை அவ்விடத்தை விட்டு ஓடுதல் கூடாது. அது வேறு குற்றமாகும். அவர் கட்டளையின்றி நம்மைப் பிடித்து வைத்திருக்கும் அதிகாரம் நகரப் பொலிசாருக்கும் இல்லை. குப்பையைக் காரணம் காட்டி வீட்டுக்குள் நுழைந்து சோதனையிடும் அதிகாரம் தூய்மை உத்தியோகத்தருக்கு இல்லை. அகதி மனுவை ஆராய்வது முற்றிலும் வேறான அலுவலகம். துன்புறுத்தப்படுவோம் என்னும் அச்சம் உண்மையானதா என்பதே அங்குள்ள கேள்வி. 135 யூரோத் தாள் அக்கேள்விக்கு விடையாகாது.

பையைக் கிளறி அதனுள் இருந்த கடித உறையின் முகவரிக்கு அபராதம் அனுப்புவதும் நடப்பதுண்டு. வீட்டு இலக்கத்தைப் பெட்டியில் எழுதுவித்த புபெலின் வழியில் வந்த பழக்கம் இது எனலாம். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அவர் பெட்டியில் எழுதிய பெயர் அதற்குப் பொறுப்பேற்க வேண்டியவருடையது. உறையில் உள்ள பெயரோ, பையைக் கொட்டியவருடையதாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. ஒவ்வொருவரும் தாம் செய்த செயலுக்கு மட்டுமே குற்றப் பொறுப்பாளி என்பது பிரெஞ்சுத் தண்டனைச் சட்டத்தின் அடிப்படை விதி. ஒரே அறையில் ஐவர் வாழ்ந்து, ஒருவர் பெயரில் மட்டும் கடிதங்கள் வரும் நம் குடியிருப்புகளில் இவ்வேறுபாடு சிறியதன்று. செய்யாதவர் நாற்பத்தைந்து நாட்களுள் எழுதட்டும். செய்தவர் அந்நாட்களுள் கட்டிவிடட்டும். தாளை மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டுவதே எல்லாவற்றிலும் கேடானது.

பழைய மெத்தையை என்ன செய்வது என்று கேட்போருக்கும் விடை உண்டு. பரிஸ் நகரசபையிடம் முன்பதிவு செய்து, அது தரும் இலக்கத்தைப் பொருளில் ஒட்டி, சொன்ன நேரத்தில் வெளியே வைத்தால் இலவசமாக எடுத்துச் செல்வர். அந்தச் சிறு இலக்கமே குற்றத்துக்கும் ஒழுங்குக்கும் இடையிலுள்ள எல்லை.

ஒரு பெயரின் நீதி

பிற நாடுகளில் வாழும் வாசகர்களுக்கு யூரோவும் பிரிவு இலக்கங்களும் மாறும். கேட்கவேண்டிய கேள்விகள் மாறா. இந்த உத்தியோகத்தர் யார்? எந்தச் சட்டம் அவருக்கு இதனைக் கொடுத்தது? அதனை மறுத்து எவரிடம் எத்தனை நாட்களுள் எழுதலாம்? அதிகாரம் என்றால் எல்லையில்லாதது என்று கண்டு, சீருடையைக் கண்டதும் சந்துக்குள் மறைந்து பழகிய மக்கள் நாம். அப்பழக்கத்துக்கு நம் நாட்டிற் காரணம் இருந்தது. இங்கு அதே பழக்கம், கட்டவேண்டியதைக் கட்டாமலும், மறுக்கவேண்டியதை மறுக்காமலும் நம்மை வாளாவிருக்கச் செய்கின்றது.

புபெல் விதித்த மூவகைப் பிரிப்பு அவர் காலத்தில் வேரூன்றவில்லை. மக்கள் எல்லாவற்றையும் ஒரே பெட்டியிற் கொட்டினர். ஏறக்குறைய நூறாண்டுகளின் பின்னரே கண்ணாடியும் கடதாசியும் மீண்டும் பிரிக்கப்பட்டன. சமையற் கழிவைப் பிரித்தெடுக்கும் கடமை 2024 ஜனவரி முதலாம் திகதி சட்டமாயிற்று. அவர் எழுதிய முதலாவது பெட்டி, 140 ஆண்டுகள் காத்திருந்து வந்து சேர்ந்தது.

பரிசின் 16ஆம் வட்டாரத்தில், சேன் நதிக்கு அருகே, அவர் பெயரில் ஒரு சிறு வீதி உண்டு. அதனை அறிந்தோர் சிலர். அவரது உண்மையான நினைவுச் சின்னம் நம் ஒவ்வொருவர் கட்டட வாசலிலும் நிற்கின்றது. இன்றிரவு பையுடன் படியிறங்கும்போது ஒருகணம் அதனை நோக்குவோம். தாம் செய்த காரியத்துக்காக ஏளனம் செய்யப்பட்ட ஒரு சட்ட ஆசிரியரின் பெயர் அது. மூடியைத் திறந்து, பையை உள்ளே இட்டு, மீண்டும் மூடிவிட்டு வருவோம்.